சத்துணவுக் கூடத்துக்கு உள்ளூர்க் காய் ஏன் வந்து சேர்வதில்லை

தமிழ்நாட்டில் ஒரு சத்துணவு மையத்தின் சாமான் அறைக்குப் பொருள் வருவது மூன்று வழிகளில். அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு எல்லாம் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கிடங்கிலிருந்து வருகின்றன. முட்டை மொத்த டெண்டரில் வருகிறது. காய்கறி, மசாலா சாமான், எரிபொருள் இவற்றை மட்டும் அமைப்பாளர் உணவூட்டுச் செலவினத் தொகையைக் கொண்டு அந்தந்த ஊரிலேயே வாங்கிக்கொள்கிறார். பள்ளி உணவில் உள்ளூர் விளைச்சலைச் சேர்க்க வேண்டும் என்று யார் பேசினாலும், மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் கை வைக்கக்கூடிய இடம் காய்கறி ஒன்றுதான்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. வாங்கும் கடை உள்ளூர்க் கடை, ஆனால் காய் உள்ளூர்க் காய் அல்ல. கத்தரி விளைகிற ஊரிலேயே, பறித்த கத்தரி மூட்டையேறி ஒட்டன்சத்திரம் போன்ற மொத்தச் சந்தைக்குப் போய், கமிஷன் மண்டியில் விலைபோய், இரண்டு கை மாறி, மறுநாள் அதே ஊர்க் கடைக்குத் திரும்பி வருவது சர்வசாதாரணம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது வீண் அலைச்சலாகத் தெரியும். ஆனால் இந்தச் சுற்று காரணம் இல்லாமல் நடக்கவில்லை. மண்டிக்காரர் எவ்வளவு கொண்டுபோனாலும், எந்தத் தரத்தில் கொண்டுபோனாலும் எடுத்துக்கொள்கிறார். பணத்தையும் உடனே தருகிறார், அவசரத்துக்கு முன்பணமும் தருகிறார். கடைக்காரரோ அரைக் கிலோ கேட்டாலும் நிறுத்துக் கொடுத்து, மாதக் கணக்கில் எழுதி வைத்துக்கொள்கிறார். உள்ளூர்க் காயைப் பள்ளிக்குக் கொண்டுவரும் முயற்சிகள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். மண்டியும் கடையும் செய்துவந்த இந்த இரண்டு வேலைகளையும் இனி யார் செய்வது என்பதை யாரும் முடிவு செய்வதில்லை.

ஐம்பது கிராமின் கணக்கு

மத்திய அரசின் பள்ளி மதிய உணவுத் திட்டமான பி.எம். போஷண் அளவுப்படி, தொடக்கப்பள்ளிக் குழந்தை ஒருவருக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை இது 150, 30, 75, 7.5 கிராம் ஆகிறது. நூறு பிள்ளைகள் சாப்பிடும் தொடக்கப்பள்ளிக்கு நாளொன்றுக்குக் காய் 5 கிலோ. அதையும் ஒரே காயாகப் போட முடியாது. சாம்பார் நாளில் கத்தரி 2 கிலோ போனால் அதிகம்.

இப்போது விவசாயி பக்கம் வருவோம். ஏக்கருக்கு 10 டன் கத்தரி எடுப்பவர் 10 சென்ட்டில் 1 டன் எடுப்பார். மூன்று மாதம், நாலு நாளைக்கு ஒரு பறிப்பு என்றால், ஒரு பறிப்புக்கு ஏறத்தாழ 45 கிலோ வரும். வெறும் 10 சென்ட் நிலத்தின் ஒரு நாள் பறிப்பைத் தீர்க்க இருபது பள்ளிகளுக்கு மேல் வேண்டும். அந்த ஒரு பள்ளிக்கோ வாரம் முழுவதும் ஆறேழு வகைக் காய் கொஞ்சம் கொஞ்சமாக வேண்டும். "ஊர் விவசாயி ஊர்ப் பள்ளிக்குக் கொடுக்கட்டும்" என்ற அழகான யோசனை இந்தப் பெருக்கலைத் தாண்டுவதில்லை. விவசாயி இரண்டு வாரம் கொண்டுவந்து கொடுப்பார். மூன்றாம் வாரம், மீதி 43 கிலோவுக்கு எப்படியும் மண்டிக்குத்தான் போக வேண்டும் என்று ஆனபின், இந்த 2 கிலோவையும் அதே மூட்டையில் போட்டுவிடுவார்.

ஆகவே ஒரு பள்ளியை அலகாக வைத்துத் திட்டமிடக் கூடாது. ஒரு ஒன்றியத்துக்குள் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சுற்றில் அமைந்த பதினைந்து, இருபது பள்ளிகளை ஒரு தொகுப்பாக எடுக்க வேண்டும். 1,500 பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 75 கிலோ. மாதத்தில் 22 வேலை நாள் என்றால் 1,650 கிலோ. இந்த அளவு வந்துவிட்டால் பத்துப் பதினைந்து சிறு விவசாயிகளுக்கு ஆளுக்கு ஒரு பயிர், ஆளுக்கு ஒரு விதைப்புத் தேதி என்று பிரித்துக் கொடுக்க முடியும். ஒரு லோடு ஆட்டோவுக்கும் வேலை கட்டுப்படியாகும்.

இன்னொன்று, 50 கிராம் என்பது கழித்து எடுத்த பிறகு சட்டியில் விழும் எடை. வாங்கும் எடை வேறு. கத்தரியில் காம்பு போனால் பத்தில் ஒரு பங்குதான் கழிவு. பூசணியில் ஐந்தில் ஒரு பங்கு போகும். வாழைக்காயில் தோல் சீவினால் நாற்பது சதவீதத்துக்கும் மேல் போய்விடும். தண்டோடு வரும் முளைக்கீரையில் தேறுவது நாற்பது சதவீதம்தான், அதாவது 5 கிலோ கீரை சட்டியில் விழ 12 கிலோவுக்கு மேல் கட்டு வாங்க வேண்டும். கொள்முதல் கணக்கைக் காய்க்குக் காய் இப்படிப் போடாமல், எல்லாவற்றுக்கும் ஒரே எடை என்று எழுதினால், கணக்கில் 50 கிராம் இருக்கும், தட்டில் 30 கிராம் இருக்கும்.

பணம் வரும் தேதி

விலையைப் பற்றிப் பேசுகிற அளவுக்குப் பணம் வரும் தேதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் இந்த வேலை நின்று போவதற்கு முதல் காரணம் அந்தத் தேதிதான். செலவினத் தொகை மையத்தின் கணக்குக்குத் தாமதமாக வரும் மாதங்களில் கடைக்காரரின் கடன் நோட்டுத்தான் சமையலை நடத்துகிறது. அமைப்பாளர் அவரை விட்டுவிட்டு விவசாயியிடம் போகத் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. காய்க்காகக் கடையைப் பகைத்துக்கொண்டால் மிளகாய்த் தூளுக்கும் மஞ்சள் தூளுக்கும் கடன் கிடைக்காது.

மேலே சொன்ன 1,650 கிலோவைக் கிலோ 30 ரூபாய் சராசரியில் போட்டால் மாதத்துக்கு 49,500 ரூபாய். இரண்டு மாதம் பணம் தள்ளிப்போனாலும் விவசாயிக்கு வாரந்தோறும் கொடுக்க வேண்டுமென்றால், நடுவில் நிற்பவரிடம் சுமார் ஒரு லட்சம் சுழல்நிதி இருந்தாக வேண்டும். தனி விவசாயியால் இது ஆகாது, அமைப்பாளராலும் ஆகாது. ஊராட்சி அளவிலான மகளிர் கூட்டமைப்புக்கோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கோ இது பெரிய தொகை அல்ல. காய் கொண்டுவந்த சனிக்கிழமைக்குள் விவசாயிக்குப் பணம், மாத முடிவில் பள்ளிகளுக்கு ஒரே பில் என்று இரண்டு பக்கத்தையும் இப்படிப் பிரித்துவிட்டால்தான் மண்டிக்கும் கடைக்கும் ஈடு கொடுக்க முடியும். மகளிர் குழுக்கள் இதில் ஏற்கெனவே ஒரு கால் வைத்துவிட்டன என்பதையும் கவனிக்க வேண்டும். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில், ஊர்ப்புறங்களில் சமைப்பவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள். அவர்களில் பலர் வீட்டிலேயே காய் விளைகிறது.

விலையில் இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு. மொத்தச் சந்தையில் விலை ஏறினால் விவசாயி அங்கே போய்விடுவார். இறங்கினால், "கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே" என்று தணிக்கையில் அமைப்பாளரைக் கேட்பார்கள். ஆண்டு முழுவதற்கும் ஒரே விலை என்று எழுதுவது இரண்டு பக்கமும் உடைவதற்கு வழி. பக்கத்து உழவர் சந்தையில் நாள்தோறும் பலகையில் எழுதும் விலையை எடுத்து, போன வாரச் சராசரியை அடுத்த வாரத்து விலையாக வைப்பது எளிது. தணிக்கைக்கும் அது பதில் சொல்லும். அதோடு, சாகுபடிச் செலவுக்குக் கீழே போகாத ஒரு அடிவிலையும், பள்ளியின் கைக்கு எட்டும் ஒரு உச்சவிலையும் எழுதிவைக்க வேண்டும். எட்டுவதற்கும் எல்லை இருக்கிறது. 2025 மே முதல் மத்திய அரசின் விதிப்படி பருப்பு, காய், எண்ணெய், மசாலா, எரிபொருள் எல்லாம் சேர்ந்து தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு ஒரு நாள் பொருட்செலவு 6 ரூபாய் 78 காசு. உயர் தொடக்கநிலைக்கு 10 ரூபாய் 17 காசு. கிலோ 30 ரூபாய்க் காயில் ஐந்தில் ஒரு பங்கு கழிவு என்று பார்த்தால், 50 கிராமுக்கே 1 ரூபாய் 90 காசு ஆகிவிடுகிறது. 60 ரூபாய்க்குப் போனால் மொத்தத் தொகையில் பாதிக்கு மேல் காய்க்கே போகும்.

இந்தக் கணக்கில் தக்காளியை முதல் ஆண்டு சேர்க்காமல் விடுவதே புத்தி. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சென்னையில் ரேஷன் கடைகளில் வைத்து விற்கும் நிலை வந்தது. வேறு மாதங்களில் பறிக்கும் கூலிகூடக் கட்டாமல் வயலோரம் கொட்டுகிறார்கள். இப்படி ஆடும் காயை எந்த உச்சவிலை, அடிவிலைக்குள்ளும் அடைக்க முடியாது. தக்காளி கடையிலிருந்தே வரட்டும்.

பட்டியல் கிழமை பார்க்கிறது, பயிர் பட்டம் பார்க்கிறது

சத்துணவின் கலவைச் சாதப் பட்டியலில் எந்தக் கிழமைக்கு எந்தச் சாதம் என்று எழுதியிருக்கிறது. வெள்ளிக்கிழமை மிளகாய்ப் பொடியில் வறுத்த உருளைக்கிழங்கு. பிள்ளைகளுக்குப் பிடித்த நாள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப் பகுதிகளை விட்டால் தமிழ்நாட்டில் உருளை விளையும் இடம் குறைவு. இராமநாதபுரத்திலோ நாகப்பட்டினத்திலோ வெள்ளிக்கிழமை வறுவலுக்கு உள்ளூர்க் கிழங்கு தேடுவது வீண் வேலை. அதே மசாலாவில் வாழைக்காய், சேப்பங்கிழங்கு, சேனை மூன்றும் நன்றாக வறுபடும். பட்டியலில் "உருளைக்கிழங்கு அல்லது உள்ளூரில் விளையும் கிழங்கு, வாழைக்காய்" என்று ஒரு வரி சேர்ந்தால் கடலோர மாவட்டங்களுக்கும் டெல்டாவுக்கும் கதவு திறக்கும். சேனையைச் சேர்ப்பவர்கள் புளிக்கரைசலில் வேகவைத்து எடுக்க வேண்டும். தொண்டை அரித்தால் பிள்ளைகள் அடுத்த முறை தொடமாட்டார்கள்.

பள்ளி நாட்காட்டியும் பயிர் நாட்காட்டியும் ஒத்துப்போவதில்லை என்பது அடுத்த பிரச்சினை. தைப் பட்டத்தில் போட்ட வெண்டையும் கத்தரியும் நன்றாகக் காய்க்கும் ஏப்ரல், மே மாதங்களில் பள்ளிக்குக் கோடை விடுமுறை. முருங்கைக் காய் மலிவாகக் கொட்டும் காலமும் கிட்டத்தட்ட அதுவே. பள்ளி திறக்கும் ஜூனில் வயலில் ஒன்றும் இராது. ஜூன் நடுவில் வெண்டை வேண்டுமென்றால், விதைத்து 45 நாளில் முதல் காய் என்ற கணக்கில் ஏப்ரல் கடைசியில் விதைக்க வேண்டும். அந்த வெயிலில் கிணற்றுத் தண்ணீர் உள்ளவரால்தான் அது முடியும். ஆகையால் ஜூன், ஜூலைக்கான ஒப்பந்தத்தை மார்ச்சிலேயே, சொட்டுநீர் உள்ள நாலைந்து பேரிடம் மட்டும் போட வேண்டும். ஆடிப் பட்டத்துக் கத்தரிக்கு நாற்றங்காலில் ஒரு மாதம், நட்டபின் இரண்டு மாதம் என்று கணக்கிட்டால் பறிப்பு அக்டோபரில் தொடங்கும். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற நேரம். அங்கிருந்து மார்ச் வரை, மழை விட்டுவைத்தால், காய்க்குப் பஞ்சமில்லை.

வடகிழக்குப் பருவமழைதான் நடுவில் வரும் சோதனை. நவம்பரில் நாலு நாள் தொடர்ந்து பெய்தால் கீரை அழுகும், கத்தரியில் பூ கொட்டும், வயலுக்குள் வண்டி போகாது. இதற்கு மாற்று, மழைக்கு முன்பே அறுத்து வீட்டில் அடுக்கிவைக்கக்கூடிய காய்கள். முற்றிய சர்க்கரைப் பூசணி, சாம்பல் பூசணி, சேனை, கருணை ஆகியவை காற்றோட்டமான திண்ணையில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். பூசணியைக் காம்போடு அறுக்க வேண்டும். காம்பு உடைந்த காய் அந்த இடத்திலிருந்தே அழுகத் தொடங்கும். தொகுப்புக்கு இரண்டு விவசாயிகளாவது இந்தப் பயிர்களைப் போடும்படி பார்த்துக்கொண்டால் மழை மாதங்களில் சாம்பாருக்குக் கவலையில்லை.

கீரை

உள்ளூர், சத்து, மலிவு என்று மூன்றுக்கும் பொருந்துவது கீரை. சத்துணவில் மிகக் குறைவாகச் சேர்வதும் அதுதான். காரணம் ஆள் பற்றாக்குறை. ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பணியிடம் காலியாக இருந்தால், காலையில் வந்து பகலுணவு நேரத்துக்குள் அரிசி களைந்து, காய் நறுக்கி, முட்டை உரித்து, சோறு வடித்து முடிப்பதே பெரும்பாடு. அதற்கு நடுவில் கீரை ஆய உட்கார யாராலும் முடியாது.

முருங்கைக் கீரைக்கு மட்டும் ஒரு கைவழி உண்டு. முந்தின நாள் மாலை கொத்துகளை உதறி, பருத்தித் துணியில் இறுக்கச் சுற்றி வைத்துவிட்டால், காலையில் பிரித்து உலுக்கும்போது பெரும்பாலான இலை தானாகவே உதிர்ந்துவிடும். ஈர்க்கைப் பொறுக்குவது மட்டும்தான் வேலை. ஈரத்தோடு சுற்றக் கூடாது, கறுத்துப்போகும். 50 கிராம் முழுவதையும் முருங்கைக் கீரையாகவே போட்டால் கசப்பில் குழந்தைகள் ஒதுக்குவார்கள். பிள்ளைக்கு 10 முதல் 15 கிராம் என்று, நூறு பேருக்கு ஒன்றரைக் கிலோவுக்குள் பருப்போடு சேர்த்தால் தட்டில் மிச்சம் விழாது. தண்டுக்கீரை, சிறுகீரை வகைகளைச் சேர்ப்பதானால், ஆய்ந்து அலசி நறுக்கும் வேலையைக் காய் சேகரிக்கும் மகளிர் குழுவிடமே கொடுத்து, அதற்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி சேர்ப்பதுதான் நடக்கக்கூடியது. சமையலர் தலையில் ஏற்றினால் ஒரு மாதத்தில் நின்றுவிடும்.

பள்ளிக் காய்கறித் தோட்டம் இந்தக் குறையைத் தீர்க்கும் என்று பலர் நம்புகிறார்கள். நூறு பிள்ளைகளுக்கு நாளுக்கு 5 கிலோ என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு டன். பள்ளி வளாகத்தில் கிடைக்கும் இரண்டு மூன்று சென்ட்டில் அது விளையாது. கோடை விடுமுறையில் தண்ணீர் ஊற்றவும் ஆளில்லை. ஆனால் கறிவேப்பிலை ஐந்தாறு செடி, முருங்கை நாலு மரம், கை கழுவும் தண்ணீர் பாயும் இடத்தில் வாழை, பப்பாளி என்று நிரந்தரப் பயிரோடு நிறுத்திக்கொண்டால், தாளிப்புக்கும் கீரைக்கும் பள்ளியே போதும். மேமாதத்தையும் அவை தாங்கிவிடும்.

மருந்தும் சாக்கும்

மண்டி வழியாக வரும் காயில் மருந்து இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. உள்ளூர்க் காயில் மருந்தைக் கட்டுப்படுத்தலாம் என்பதே அதன் பெரிய லாபம், அதையும் தானாக வரும் என்று விட்டுவிட முடியாது. கத்தரியில் தண்டு, காய்த்துளைப்பான் புழுவுக்கு மருந்தடிக்கிறார்கள். பறிப்போ நாலு நாளைக்கு ஒருமுறை. மருந்தடித்தபின் எத்தனை நாள் பறிக்கக் கூடாது என்பது மருந்துக்கு மருந்து மாறும், அதை டப்பாவின் சீட்டில் போட்டிருப்பார்கள். நாலு நாளைக்கு மேல் காத்திருக்கச் சொல்லும் மருந்தை அடித்துவிட்டால், நடுவில் வரும் பறிப்பு பள்ளிக்குப் போகக் கூடாது. மண்டிக்கும் போகக் கூடாது, அது வேறு விஷயம். இதைக் கண்காணிக்க ஆய்வகம் வேண்டாம். எந்த வயல், எந்த மருந்து, என்ன தேதி என்று, நடுவில் நின்று காயைச் சேர்க்கும் சேகரிப்பு மையத்தில் ஒரு நோட்டு, வயலோரத்தில் மருந்தடித்த நாளில் கட்டும் சிவப்புத் துணி, இவை போதும். இனக்கவர்ச்சிப் பொறி வைத்து, புழு விழுந்த நுனித்தண்டை வாரம் ஒருமுறை கிள்ளி எரிப்பவர்களிடம் முதலில் கத்தரி எடுக்கலாம். பூசணி, சேனை, முருங்கைக் கீரை, கொத்தவரை இவற்றுக்குப் பொதுவாக மருந்துச் செலவு குறைவு, எனவே தொடக்கத்துக்கு நல்லவை.

இதைவிட எளிதாகக் கண்ணில் படுவதும், எளிதாக விட்டுவிடுவதும் சாக்கு. விவசாயி வீட்டில் கைக்குக் கிடைப்பது யூரியா சாக்கு, அல்லது விதைநேர்த்தி செய்த விதை வந்த பை. கீரைக்குத் தண்ணீர் தெளிக்க எடுப்பது சில வீடுகளில் பழைய மருந்துக் கேன். 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது. வீட்டில் மருந்தும் உணவுப் பொருளும் ஒரே இடத்தில் புழங்கும்போது என்ன நடக்கும் என்பதற்கு அதற்கு மேல் சான்று தேவையில்லை. சேகரிப்பு மையமே கழுவக்கூடிய பிளாஸ்டிக் கிரேட்டுகளை வாங்கி, பள்ளிக்கு இரண்டு, விவசாயிக்கு இரண்டு என்று சுழற்றிவிட வேண்டும். வேறு எதில் வந்தாலும் இறக்கக் கூடாது.

காய்க்கு அப்பால்

அரிசியில் மாற்றுவதற்கு அதிகம் இல்லை. 2002 முதல் மாநில அரசே நேரடிக் கொள்முதல் நிலையங்களில் நெல் எடுத்துப் பொதுவிநியோகத்துக்கு விடும் முறை இருப்பதால், டெல்டா நெல் ஓரளவு ஏற்கெனவே அந்த மூட்டைகளில் இருக்கிறது. பருப்பில்தான் வாய்ப்பு அதிகம். துவரைக்கும் கொண்டைக்கடலைக்கும் பெரும்பாலும் வெளிமாநிலத்தைப் பார்க்கும் நாம், நெல் தரிசில் தை மாதம் விதைத்து எடுக்கும் பச்சைப்பயறையும் உளுந்தையும் வியாபாரிக்கு விற்றுவிடுகிறோம். சுண்டலுக்குப் பச்சைப்பயறும் தட்டைப்பயறும் உள்ளூரிலேயே கிடைக்கும். ஆனால் அறுவடை முடிந்து பள்ளி திறப்பதற்குள் வண்டு விழுந்துவிடும். நன்றாகக் காய்ந்து, கடித்தால் நறுக்கென்று உடையும் பதத்தில் காற்றுப் புகாத டிரம்மில் அடைத்தால்தான் ஜூலை வரை நிற்கும்.

சட்டத்தின் வழியாக இதைச் செய்து காட்டிய நாடு பிரேசில். 2009ஆம் ஆண்டின் 11,947ஆம் எண் சட்டம், பள்ளி உணவுக்கு மத்திய நிதியிலிருந்து போகும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்துக்குக் குடும்ப விவசாயிகளிடமிருந்து வாங்க வேண்டும் என்றது. 2026 முதல் அது 45 சதவீதம். அந்த எண்களைவிட வாங்கும் முறைதான் கவனிக்க வேண்டியது. யார் குறைந்த விலை சொல்கிறார் என்ற டெண்டர் அங்கே கிடையாது. விலையை முதலிலேயே சந்தையில் விசாரித்து அறிவித்துவிடுகிறார்கள். அந்த விலைக்குத் தர முன்வருபவர்களில் உள்ளூர்க்காரருக்கு முன்னுரிமை. ஒரு குடும்பம் ஆண்டுக்கு இவ்வளவு வரைதான் விற்கலாம் என்ற உச்சவரம்பும் உண்டு, இல்லாவிட்டால் ஒரே பெரிய பண்ணை எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். உணவுப் பட்டியலை அந்தப் பகுதியின் விளைச்சலைப் பார்த்து ஊட்டச்சத்து நிபுணர் எழுதுகிறார். குறைந்த விலைக்கே ஆர்டர் என்ற விதியைத் தொடாமல் "உள்ளூர் முன்னுரிமை" என்று மட்டும் சுற்றறிக்கை விட்டால், அடுத்த ஏலத்தில் மொத்த வியாபாரியே ஜெயிப்பார்.

இங்கே ஒரு தொகுப்பு தொடங்குவதானால், ஒப்பந்தத் தாள் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. அடுத்த வாரத் தேவையை வியாழக்கிழமைக்குள் பள்ளிகள் சொல்ல வேண்டும். காலை உணவுக்கும் சேர்த்துக் காய் முந்தின நாள் மாலை 4 மணிக்குள் பள்ளிக்கு வந்துவிட வேண்டும். எடை பள்ளியின் தராசில் போடுவது. சொத்தை, முற்றல் இருந்தால் அங்கேயே திருப்புவது, மறுநாள் சொல்வதை ஏற்பதில்லை. உள்ளூர் விடுமுறை அறிவித்தால் அன்றைய காயைச் சேகரிப்பு மையம் உழவர் சந்தையில் விற்றுக்கொள்ளும், விலை வித்தியாசம் சுழல்நிதியில் சேரும். மாலை 4 மணிக்கு வண்டி வரவில்லையென்றால் அமைப்பாளர் கடையில் வாங்கிக்கொள்ளலாம், கூடுதல் செலவு சேகரிப்பு மையத்தின் கணக்கில். இந்தக் கடைசி வரி இருந்தால்தான் அமைப்பாளர்கள் கையெழுத்துப் போடுவார்கள்.